தகுந்த மாற்றங்களுடன்

அரசாங்க அறிவிப்பில் தன் பெயர் வந்திருக்கிறது என்பதைத் தேவகிருபை சரவெடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

காலை ஏழரை மணி. வாயில் பற்பசை நுரையோடு வெளியே ஓடிவந்தால் தெரு முழுக்கப் புகை. புகைக்கு நடுவே காளவாய் நகர் குடியிருப்போர் சங்கத் தலைவி தனபாக்கியம் நின்று, அடுத்த சரத்துக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தார்.

“கிருப, ஓடியா! உன் பேரு கவர்மென்ட் நோட்டீஸ்ல வந்துக்கீது! அச்சுல!”

காளவாய் நகரின் கால்வாய்ச் சுவரில் மூன்று மாதமாக ஒரு பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியக்கா வைத்தது. ‘எங்கள் காளவாய் நகரின் முதல் டாக்டரே! கணிதப் புயலே!’ என்று மேலே. நடுவில் ஆளுயரத்துக்குக் கிருபையின் முகம். கீழே சின்ன எழுத்தில், ‘காய்ச்சல், இருமலுக்கு அணுக வேண்டாம்.’ இந்தக் கடைசி வரி, முதல் வாரத்தில் வீட்டு வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டுக் கிருபையின் அம்மா கேட்டு வாங்கிச் சேர்த்தது.

அறிவிப்பு அந்தப் பேனரின் மீதே ஒட்டப்பட்டிருந்தது, கிருபையின் தாடைக்குக் கீழே. ஒட்டியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சுவரில் சமதளமாக இருந்த ஒரே இடம் அவள் முகம்தான்.

“முனைவர் தேவகிருபை அவர்களின் தேற்றம் நான்கு புள்ளி இரண்டின்படி...” என்று பாக்கியக்கா உரக்கப் படித்தார். அதற்கு மேல் அவர் படித்திருக்கவில்லை. படிக்கவும் அவசியம் தோன்றவில்லை. தெருப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’, பின்னால் ‘அவர்கள்’. அரசாங்கம் இதற்கு மேல் என்ன எழுதிவிடப் போகிறது?

கிருபையின் அம்மா ரெபெக்காள் இட்லி மாவு விற்பவள். கால்வாயோரத்தில் முப்பது வருஷம் வாழ்ந்ததில், அரசாங்கக் காகிதத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனரின் அருகே போனாள். குனிந்து படித்தாள்.

“பதினஞ்சு நாள்ல முந்நூத்தி பன்னெண்டு வீட்டையும் காலி பண்ணணுமாம்.”

இரண்டாவது சரம் அதற்குள் பற்றவைக்கப்பட்டுவிட்டது. அது வெடித்து முடிந்ததும் அவள் அதையே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

*

விஷயம் இதுதான். வடக்கே துறைமுகத்திலிருந்து தெற்கே முகத்துவாரம் வரை ஓடும் நாற்பது கிலோமீட்டர் கால்வாயைத் தூர்வாரி, அடியிலும் பக்கங்களிலும் ஒரு வழுக்குப்பூச்சு பூசியிருந்தார்கள். அதில் கிளப்பிய அலை தேயாது. வடக்கு முனையில் ஒரு பெரிய இரும்புப் பலகை தண்ணீரை ஒரே ஒரு தள்ளு தள்ளும். ஒற்றை மேடாக ஓர் அலை எழும்பி நடக்கத் தொடங்கும். அதன் முதுகில் அறுபது பேர் உட்கார்ந்த அலைவண்டி, என்ஜின் இல்லாமல், புகை இல்லாமல் முகத்துவாரம் வரை போய்ச் சேரும். வேகமாக மிதிக்கப்பட்ட சைக்கிளின் வேகம்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு அந்த நகரத்தில் சைக்கிளாலேயே அந்த வேகத்தில் போக முடியாது என்பதால், ஜனங்கள் அதை விமானம்போலக் கொண்டாடினார்கள்.

சோதனை ஓட்டம் முடிந்துவிட்டது. முழு ஓட்டம் தொடங்க ஒரு காகிதம் மட்டும் பாக்கி. நான்கு நிமிடத்துக்கு ஓர் அலை என்று நூறு வருஷம் விட்டால் கால்வாய் எப்படி நடந்துகொள்ளும்? மாணவர்களுக்கு நன்னடத்தைச் சான்று கேட்கிற அதே அரசாங்கம், தண்ணீருக்கு நீண்டகால நடத்தைச் சான்று கேட்டது. அலைப்பாதை வாரியம் தேடிப் பார்த்ததில், இந்தத் தண்ணீரின் நீண்டகால நடத்தையைப் பற்றித் தெரிந்த ஆள் அந்தக் கால்வாயோரத்திலேயே குடியிருந்தாள். அவளுடைய ஆய்வேட்டையும் கணினி நிரலையும் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து ஓட்டினார்கள். விடை வந்தது. அறுபத்தொரு நாளுக்கு ஒருமுறை, பதினேழாவது கிலோமீட்டரில், நான்கு மீட்டர் உயரத்துக்கு ஓர் அலை எழும்பும். கரைச் சுவர் மூன்று மீட்டர்.

பதினேழாவது கிலோமீட்டர் என்பது காளவாய் நகர்.

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லு,” என்றார் பாக்கியக்கா. சங்கக் கட்டடத்தில் கூட்டம் நெருக்கியது. கேசரி வந்து சேர்ந்திருந்தது. ஆர்டர் கொடுத்ததை யாரும் ரத்து செய்யவில்லை. “உன் கணக்கு எங்கள இன்னாத்துக்குத் தொரத்துது?”

கிருபை யோசித்தாள்.

“தலைவர் ஊர்வலம் போவுது இல்லக்கா? ஆயிரம் பேரு கெளம்புறாங்க. கொஞ்ச தூரம் போனதும் இன்னா ஆவுது?”

“பாதிப் பேரு டீ குடிக்கப் பூடுவான்.”

“ஆனா தலைவரச் சுத்தி ஒரு கூட்டம் கடைசி வரைக்கும் கலையாம போவும் இல்ல? அலையும் அப்டித்தான். எப்டி ஆரம்பிச்சாலும் சரி, ரொம்ப நேரம் கழிச்சிப் பாத்தா ரெண்டே வகைதான். கலையாத கூட்டம், டீ குடிக்கப் போன கூட்டம். வண்டியத் தூக்கினு போறது கலையாத அலை. டீ குடிக்கப் போனது சிற்றலை. இது நான் நிரூபிச்சதுக்கா. மூணு வருஷம்.”

சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்தது. இந்த நிலைமையிலும் நிமிர்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அது நல்ல தேற்றம்.

“சரி, டீ குடிக்கப் போனவன் வூட்டுக்குப் போயிட்டான். நமக்கு இன்னா?”

“ரோடு வட்டமா இருந்தா வூட்டுக்கே போவ மாட்டான்க்கா. சுத்திச் சுத்தி அதே ரோட்டுக்கு வருவான். வேகமா போறவன், மெதுவா போறவன் எல்லாம் என்னைக்காவது ஒரு நாள் ஒரே முக்குல வந்து மோதிக்குவான். அன்னைக்கி அங்க பெரிய கூட்டம். அதான் நாலு புள்ளி ரெண்டு.”

பாக்கியக்கா ஒரு வாய் கேசரியை விழுங்கினார்.

“ஏம்மா, நம்ம கால்வா எப்பம்மா வட்டமாச்சி?”

ஆய்வேட்டை மதிப்பிட்ட மூன்று பேராசிரியர்களும் கேட்காத கேள்வி அது.

*

கால்வாய் ஏன் வட்டமானது என்பதற்கு விடை கல்லூரி முகப்பில் இருந்தது.

அரசு உதவி பெறும் அந்தக் கல்லூரியின் கணிதத் துறையில் நான்கு மேசை, மூன்று மின்விசிறி, ஓர் ஆராய்ச்சி மாணவி, ஓர் ஆராய்ச்சி மாணவன். அலையைச் சோதிக்க நீளமான தொட்டி கேட்டு விண்ணப்பித்தபோது, தொட்டி என்பது கணித உபகரணம் அல்ல என்று பதில் வந்தது. ஆனால் முகப்பில் நிறுவனர் திவான் பகதூர் குழந்தைவேலனாரின் சிலை இருந்தது. சிலையைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு அலங்கார அகழி. பதினோரு மீட்டர் சுற்றளவு. கிருபை அதற்கு வழுக்குப்பூச்சு பூசி, மூன்று வருஷம் அதில் அலை விட்டாள். அலை நிறுவனரைச் சுற்றிச் சுற்றி வந்தது. தேற்றமும் வட்டமாகவே வந்தது.

அதுவரை ஒரு தப்பும் இல்லை. தப்பு, முன்னுரையின் கடைசி வரியில் இருந்தது. புறத்தேர்வாளர், “இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?” என்று கேட்டு எழுதியிருந்தார். கிருபை ஒரு மாலையில், டீ ஆறுவதற்குள், ஒரு வரி சேர்த்தாள்: ‘இம்முடிவுகள் தகுந்த மாற்றங்களுடன் திறந்த கால்வாய்களுக்கும் பொருந்தும் என்பதை எளிதில் நிறுவலாம்.’

கணிதக்காரர்கள் ‘எளிதில் நிறுவலாம்’ என்று எழுதினால், நிறுவிப் பார்க்கவில்லை என்று பொருள். இது கணிதக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பொறியாளர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

“இந்தா பாரு,” என்றான் இம்தியாஸ். அவன்தான் அந்த ஆராய்ச்சி மாணவன். ஆம்பூர்க்காரன், முடிச்சுகளைப் பற்றிய கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன், தன் செருப்பு வாரை மட்டும் ஊக்கு போட்டுத்தான் வைத்திருப்பான். வாரியத்தின் கணக்கு கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. “சிற்றலை தெற்கே போகுது... போகுது... முகத்துவாரம் வந்தாச்சு. வெளிய போயிடுச்சு. இப்ப வடக்க பாரு.”

தெற்கே வெளியேறிய சிற்றலை, மறு நொடி வடக்கே துறைமுகத்தில் உள்ளே நுழைந்தது. விருந்துக்கு வந்தவர் பின்கதவால் போய் முன்கதவால் மறுபடி பந்திக்கு வருவதுபோல.

“கடலை யார் எடுத்தது?” என்றான் இம்தியாஸ்.

“நான்தான்.”

நிரலின் நூற்றுநாற்பதாவது வரியில் அவளே எழுதிவைத்த குறிப்பு இருந்தது: ‘கடல்: பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’

இம்தியாஸ் அதை இரண்டு முறை படித்தான்.

“தேற்றம் சரிதானே?” என்றான்.

“தேற்றம் சரி. அந்த ஒரு வரிதான் தப்பு.”

“ஒரு வரியோ ஒரு அத்தியாயமோ, தப்புன்னு எழுதிக் குடுத்தா ஆய்வேடு திரும்ப மூணு பேருகிட்டப் போகும். பட்டத்தை நிறுத்தி வைப்பாங்க. ஒரு வருஷம் ஆகும். அடுத்த மாசம் உதவிப் பேராசிரியர் நேர்காணல். ஒரே ஒரு இடம். தெரியும்ல?”

“தெரியும்.”

“நானும் அதுக்கு விண்ணப்பிச்சிருக்கேன். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன். அப்புறம் சொல்லலைன்னு இருக்கக் கூடாது.”

“நீ எனக்கு எதிரியா, ஆதரவா?”

“போட்டியாளன். மதியம் வரைக்கும் ஆதரவு.”

அவன் ஐந்து நாளும் மதியத்துக்கு மேலும் இருந்தான். ஐந்து நாளில் கிருபை பதினான்கு பக்கம் எழுதினாள். கடலைச் சேர்த்தால் எந்தச் சிற்றலையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் கால்வாயில் தங்காது. அறுபத்தொரு நாள் காத்திருந்து கூட்டம் சேர்க்க அங்கே ஆளே இருக்காது. நிரூபணத்தின் கடைசி வரியை எழுதிவிட்டு, முந்தைய வரியை இரண்டு தடவை பார்த்தாள். பதினான்கு பக்கத்தில் ‘எளிதில்’ என்ற சொல் எங்கேயும் இல்லை.

*

வாரியத்தின் தலைமைப் பொறியாளர் சபாநாயகம் கெட்ட மனிதர் அல்லர். அதுதான் சிக்கல். எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார்.

“உங்க தேற்றத்த ரெண்டு தடவை படிச்சேன் மேடம். என்ன அழகு! எங்க ஊர்ப் பொண்ணு கணக்குலதான் இந்தத் திட்டமே நிக்குதுன்னு மந்திரிகிட்டயே சொன்னேன்.”

“சார், அந்தக் கணக்கு உங்க கால்வாய்க்குப் பொருந்தாது. கடலை விட்டுட்டேன்.”

சபாநாயகம் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். பதினான்கு பக்கத்தையும் வாங்கிப் பொறுமையாகப் புரட்டினார்.

“இருக்கலாம் மேடம். ஆனா அறிவிப்பு போயாச்சு. நிறுத்தணும்னா ஆட்சேபம் பதியணும்.”

பதிவுக்கணினியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ‘ஆட்சேபிக்கப்படும் ஆய்வின் ஆசிரியர்.’ ‘ஆட்சேபிப்பவர்.’ கிருபை இரண்டிலும் தன் பெயரை அடித்தாள். கணினி சிவப்பாகி, ஒருவர் தம்மையே ஆட்சேபிக்க வழியில்லை என்று பணிவாகச் சொன்னது.

“முன்மாதிரியே இல்ல மேடம்,” என்றார் சபாநாயகம், உண்மையான வருத்தத்தோடு. “இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல, தன் கணக்கு தப்புன்னு தானே வந்து சொன்ன ஆளை நான் பாத்ததில்ல. வேற யாராவது பாதிக்கப்பட்டவங்க பதியணும். நீங்க ஆட்சேபம் சரின்னு மறுமொழி எழுதணும். நகல் உங்க பல்கலைக்கழகத்துக்கும் போகும். அதையும் சொல்லிடறேன்.”

*

“மாட்டேன்,” என்றார் பாக்கியக்கா.

“அக்கா, நீங்க சங்கத் தலைவி. நீங்க போட்டாத்தான் செல்லும்.”

“வூட்ட இடிக்க வண்டி வரட்டும், முன்னால படுத்துக்குறேன். கோர்ட்டுக்கு வரச் சொல்லு, வர்றேன். ஆனா தேவகிருபை கணக்கு தப்புன்னு என் வாயால சொல்ல மாட்டேன். என் கையால எழுத மாட்டேன்.” அவர் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். ஊசி ஓடுவதை நிறுத்தவில்லை. “நீ பத்தாவது படிக்கும்போது எங்க வூட்டு ட்யூப்லைட்டுலதான படிச்ச? இங்க முப்பது வருசமா வர்றவன் போறவன்லாம் நம்மளப் பத்தி இன்னா எழுதிட்டுப் போனான்? திருட்டுப் பசங்கன்னான். சாக்கடைன்னான். மொத தடவ ஒருத்தி பேரு பக்கத்துல முனைவர்னு போட்டு வந்துக்கீது. அத நான் கிழிக்கணுமா?”

“பேனர வெச்சிக்கினு எங்கக்கா மாட்டுவீங்க? சுவரே இருக்காதே.”

மெஷின் நின்றது.

பாக்கியக்கா தரையில் கிடந்த துண்டுத் துணி ஒன்றைக் குனிந்து எடுத்தார்.

“அது தப்புதானா? நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்தேன். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. கால்வா எப்ப வட்டமாச்சின்னு கேட்டீங்களே, அதான்.”

பாக்கியக்காவின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. கொஞ்சம் பெருமை, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயம்.

“நானா?”

“மூணு பேராசிரியர் விட்டத நீங்க புடிச்சீங்க.”

“சரி, குடு. கையெழுத்துப் போடுறேன். ஆனா தப்புன்னு எழுதாத. ‘இன்னும் கொஞ்சம் நல்லா பாத்திருக்கலாம்’னு எழுது.”

படிவத்தில் அந்த வாசகமே போயிற்று. அரசாங்க ஆவணங்களில் அதைவிட மென்மையான ஆட்சேபம் இன்றுவரை பதிவாகவில்லை. கீழே மறுமொழிக் கட்டத்தில் கிருபை எழுதினாள்: ‘ஆட்சேபம் சரி. முன்னுரையின் கடைசி வரி தவறு. தே. தேவகிருபை.’ முனைவர் என்று போட்டுக்கொள்ளவில்லை.

*

நேரில் பார்த்தால்தான் கையெழுத்திடுவேன் என்றார் சபாநாயகம். பன்னிரண்டாம் நாள் காலை கல்லூரிக்கு வந்தார். முதல்வர் அனுமதி கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை, நிறுவனரின் காலில் தண்ணீர் படக் கூடாது. காளவாய் நகரிலிருந்து நாற்பது பேர் வந்து புல்வெளியில் உட்கார்ந்தார்கள்.

முதலில் வட்டம். கிருபை மரப்பலகையால் அகழியில் தண்ணீரைத் தள்ளினாள். ஒற்றை அலை கிளம்பி நிறுவனரைச் சுற்றியது. வழுக்குப்பூச்சில் அது களைக்கவே இல்லை. இன்னொன்று. இன்னொன்று. பின்னால் சிற்றலைகள் வால்போல நீண்டு, சுற்றி வந்து, தங்கள் வாலைத் தாங்களே மிதித்தன. முப்பத்தெட்டாவது தள்ளுக்கு அகழியின் தென்கிழக்கு ஓரத்தில் தண்ணீர் திடீரென்று எழும்பிச் சபாநாயகத்தின் பேன்ட்டை முழங்கால் வரை நனைத்தது. நிறுவனரின் காலும் நனைந்தது. முதல்வர் வேறு பக்கம் பார்த்தார்.

“இதுதான் நாலு புள்ளி ரெண்டு,” என்றாள் கிருபை. குரலில் பெருமை வராமல் பார்த்துக்கொண்டாள். வந்துவிட்டது.

அடுத்து இம்தியாஸ் உளியோடு இறங்கினான். முந்தைய நாளே கீறி வைத்திருந்த இடத்தில் அகழியை உடைத்தான். உடைப்பின் ஒரு பக்கத்தைப் பலகையால் அடைத்தார்கள், அது துறைமுகம். மறுபக்கம் மண்ணில் வெட்டிய வாய்க்கால், அகன்று அகன்று விளையாட்டு மைதானத்தை நோக்கிப் போனது. அதன் சரிவில் ரெபெக்காள் கொண்டுவந்த தேங்காய் நாரை அடர்த்தியாகப் பரப்பியிருந்தார்கள்.

“இது என்ன?” என்றார் சபாநாயகம்.

“கடல் சார்,” என்றான் இம்தியாஸ்.

கிருபை எண்ணத் தொடங்கினாள். அலை கிளம்பியது. நிறுவனரை முக்கால் வட்டம் போட்டு, வாய்க்காலில் அகன்று, நாரில் ஏறி, பெருமூச்சுபோல ஒரு சத்தத்துடன் அடங்கியது. சிற்றலைகள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக நாருக்குள் போயின. திரும்பவில்லை. முப்பத்தைந்து. முப்பத்தாறு. சபாநாயகம் மெல்லப் பின்வாங்கினார். முப்பத்தேழில் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தார்.

முப்பத்தெட்டு.

தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு காய்ந்த இலை அதன்மேல் பேசாமல் மிதந்தது.

“இன்னும் விடுங்க,” என்றார் மரத்துக்குப் பின்னாலிருந்து. நூறு வரைக்கும் விட்டாள். நூற்றைம்பது வரைக்கும் விட்டாள். கை கடுத்தது. அதற்கு மேல் இருநூறு வரைக்கும் பாக்கியக்கா வந்து பலகையை வாங்கித் தள்ளினார்.

இளைப்பாற நிமிர்ந்தபோது கிருபை முதல்முறையாக ஒன்றைக் கவனித்தாள். நிறுவனரின் சிலை வலது கையை நீட்டி, ஒரு விரலால் எதையோ சுட்டிக்கொண்டிருந்தது. கிழக்கே. மூன்று வருஷமாக அவரைச் சுற்றி வந்திருக்கிறாள். மனிதர் அத்தனை நாளும் கடலைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

*

அறிவிப்பு ரத்தானது. ரத்து ஆணை மறுபடியும் பேனரின் மேல், இந்த முறை நெற்றியில் ஒட்டப்பட்டது. ரெபெக்காள் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துவிட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பாக்கியக்கா சரவெடியைப் பிரித்தார். கோப்பு மட்டும் மூடப்படவில்லை. திருத்திய கணக்குப்படி எல்லா அலையும் போய் அடங்கும் இடம் முகத்துவாரம் என்பதால், அங்கே கரையோரமாக இருந்த வாரியத்தின் சொந்த விருந்தினர் மாளிகைக்கு, எச்சரிக்கையாக, பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லும் அதே வாசகத்தில் ஒரு கடிதம் போயிற்று.

பல்கலைக்கழகமும் கடிதம் போட்டது. ஆய்வேடு மறுமதிப்பீட்டுக்கு அனுப்பப்படுகிறது, பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது.

நேர்காணல் முடிந்த மறுவாரம் இம்தியாஸ் துறைக்கு வந்து, உட்காராமல் நின்றான்.

“எனக்குக் கிடைச்சிருச்சு.”

கிருபை தலையசைத்தாள். எதிரே இருந்த நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

“உன் ஆய்வேட்டுலயே இருக்கு,” என்றான் இம்தியாஸ். “அத்தியாயம் ரெண்டு. கலையாத அலைங்க ரெண்டு ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போனா ரெண்டுக்கும் உருவம் மாறாது. ஒண்ணு கொஞ்சம் முன்னால போகும், இன்னொண்ணு கொஞ்சம் பின்னால தங்கும். அவ்வளவுதான்.”

“முன்னால போறது எதுன்னு படிச்சியா?”

“பெரிய அலை.”

“அப்ப அத்தியாயம் ரெண்டுலயும் தப்பு இருக்கு.”

அவன் சிரித்தான். பிறகுதான் உட்கார்ந்தான். ஊக்கு கழன்று செருப்பு கீழே விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கிருபை ஒரு முடிவோடு போனாள். பேனரைத் தானே கழற்றிவிடுவது. பட்டம் இல்லாதவளுக்குப் பேனர் எதற்கு? போய்ப் பார்த்தால் ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் புதிது தொங்கியது. அதே முகம். இன்னும் பெரிதாக.

‘தன் கணக்கில் தானே பிழை கண்ட சிங்கமே! முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் சார்பில் வணங்குகிறோம்!’

அடியில், ‘ஆட்சேபம்: தனபாக்கியம், தலைவி’ என்று பாக்கியக்காவின் பெயர், கிருபையின் பெயருக்குச் சமமான அளவில். காய்ச்சல், இருமல் வரியை மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

*

முழு ஓட்டம் தொடங்கிய அறுபத்தொன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது.

காலை ஒன்பது மணிக்குக் காளவாய் நகர் முழுவதும் கால்வாய்ச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. வாரியத்தின் பழைய கணக்குப்படி அலை வரவேண்டிய நேரம் பத்து பதினேழு. வராத அலையைப் பார்க்க அவ்வளவு கூட்டம். சங்கத்தின் சார்பில் மைக் செட். இம்தியாஸ் கறிபஃப் வாங்கி வந்திருந்தான். சபாநாயகமும் வந்திருந்தார், சொந்த முறையில். அந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். சட்டைக்குள் மிதவை அங்கி உப்பித் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. விருந்தாளி.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அலைவண்டி போனது. உள்ளே இருந்தவர்கள் கையசைத்தார்கள். பின்னால் சிற்றலைகள் சுவரை நக்கிவிட்டுத் தெற்கே நடந்தன.

பத்து பதினைந்து. பத்து பதினாறு.

கிருபை தண்ணீரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. சுவரை ஒட்டிய வீடுகள் எல்லாம் திறந்து கிடந்தன. வாசலில் அரிசி காய்ந்தது. பாக்கியக்காவின் தையல் மெஷின் தரையில், கதவுக்கு நேரே இருந்தது. ஒரு பானையைக்கூட யாரும் மேலே தூக்கி வைத்திருக்கவில்லை.

ஆனால் அவள் வைத்திருந்தாள். நேற்று அம்மா மாவு விற்கப் போனபோது, தன் சான்றிதழ்களையும் பதினான்கு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, டேப் ஒட்டி, பரண்மேல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். நிரூபணத்தைத் திரும்ப நூறு தடவை பார்த்திருக்கிறாள். ஓட்டையே இல்லை. இருந்தாலும் வைத்திருந்தாள்.

பத்து பதினேழு.

ஓர் அலைவண்டி போயிற்று. சிற்றலைகள் வந்தன. போயின.

“வந்துச்சா?” என்றார் பாக்கியக்கா மைக்கில்.

“வரலக்கா.”

“கேட்டுக்கினீங்களா? வரல!”

விசிலும் கைதட்டலும் கிளம்பின. ஒன்றும் நடக்காததற்கு அந்தக் கால்வாயோரத்தில் இதற்கு முன் யாரும் இவ்வளவு கைதட்டியதில்லை. அங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டேதான் இருந்தது. சபாநாயகம் முதல் பொத்தானைக் கழற்றி, இரண்டாவதையும் கழற்றி, காற்று வாங்கினார்.

கிருபை கூட்டத்திலிருந்து நழுவி வீட்டுக்குப் போனாள். யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். நாற்காலி போட்டு ஏறி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். வெறும் பலகை.

இறங்கித் திரும்பினாள். கீழ்த்தட்டில், தரைக்கு ஒரு சாண் உயரத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில் சான்றிதழ்கள் அடுக்கியிருந்தன. உறை இல்லை. டேப் இல்லை. மேலே பதினான்கு பக்கமும், ஓரத்தில் ஒரு மாவு விரல் தடத்துடன்.

ரெபெக்காள் வாசலில் நின்றாள்.

“நேத்தே எறக்கி வெச்சிட்டேன்,” என்றாள். “முந்நூத்திச் சொச்சம் வூடு உன்ன நம்பி ஒரு தட்டக்கூட மேல தூக்கி வெக்கல. நீ மட்டும் நம்பாம கட்டி வெச்சா, பாக்கிறவங்க இன்னா நெனப்பாங்க? வா, வெளிய மைக்குல உன் பேரக் கூப்புடுறாங்க.”